43.63 சதவீதம்: ஒரு மொழி பார் சார்ட்டும் அதைப் பாத்து ஆளாளுக்கு சொன்னதும்

2011ல எடுத்த சென்சஸோட மொழிக் கணக்கு வெளிய வந்தது 2018 ஜூன் கடைசில. ஏழு வருஷம் கழிச்சு வந்தாலும், வந்த உடனே எல்லா பேப்பர்லயும் போன்லயும் ஒரே ஒரு பார் சார்ட் தான் சுத்துச்சு. நூத்துக்கு எத்தன பேருக்கு எது தாய்மொழின்னு காட்டுற சார்ட் அது: இந்தி 43.63, வங்காளம் 8.03, மராத்தி 6.86, தெலுங்கு 6.70, தமிழ் 5.70, அப்புறம் குஜராத்தி, உருது, கன்னடம்னு இறங்கிட்டே போகும். முதல் பார் பனைமரம் மாதிரி நிக்குது, மத்ததெல்லாம் அது காலடியில புல்லு மாதிரி கிடக்குது. பாத்தவுடனே ஏதாவது சொல்லணும்னு தோணும், எல்லாரும் சொல்லவும் செஞ்சாங்க.

சொன்னதெல்லாம் சுத்தி சுத்தி சில வகைக்குள்ள தான் வரும். பாதி நாடு பேசுது, அப்ப அதானே தேசிய மொழின்னு ஒரு கூட்டம் (அரசியலமைப்புல தேசிய மொழின்னு எதுவுமே இல்ல, 343வது பிரிவு சொல்றது ஒன்றியத்தோட ஆட்சி மொழிய பத்தி, ஆனா இதை எத்தன தடவ சொன்னாலும் அடுத்த சார்ட் வரும்போது திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்). தமிழ் குறைஞ்சுட்டே வருது, இன்னும் அம்பது வருஷத்துல காணாம போயிடும்னு இன்னொரு கூட்டம். தெலுங்கு மூணாவது இடத்துல இருந்து நாலாவதுக்கு போச்சேன்னு ஆந்திரா பக்கம் ஒரு வருத்தம். சமஸ்கிருதம் 75 சதவீதம் வளந்துடுச்சுன்னு ஒரு சந்தோஷம். உருது மட்டும் எண்ணிக்கையிலயே குறைஞ்சிருக்கேன்னு ஒரு சந்தேகம். கொஞ்சம் படிச்சவங்க மட்டும், இதெல்லாம் மொழி விஷயமே இல்லப்பா, வடக்க புள்ள அதிகமா பெத்துக்குறாங்க, அவ்ளோதான்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க.

இந்த கடைசி ஆளு தான் சரியா சொல்றார்னு ரொம்ப பேர் நம்புறாங்க. பெரும்பகுதி சரியும் கூட. ஆனா அந்த பதிலும் பாதியில நின்னு போகுது, எங்க நிக்குதுன்னு பாக்குறதுக்காக தான் இதை ஒரு கேஸா எடுத்து முழுசா எழுதுறேன்.

முதல்ல புள்ள பெத்துக்குற கணக்கையே பாத்துடுவோம். 2001ல இந்தி 42.20 கோடி, 2011ல 52.83 கோடி, வளர்ச்சி 25.19 சதவீதம். தமிழ் 6.08 கோடில இருந்து 6.90 கோடி, 13.54 சதவீதம். தெலுங்கு 9.63, மலையாளம் வெறும் 5.36. அதே 2011ல ஒரு பெண்ணுக்கு சராசரியா பொறக்குற குழந்தைங்க எண்ணிக்கை பீகார்ல 3.6, உத்தரப் பிரதேசத்துல 3.4, தமிழ்நாட்டுல 1.7, கேரளாவுல 1.8. கேரளாவோட மக்கள் தொகையே அந்த பத்து வருஷத்துல 4.9 சதவீதம் தான் கூடுச்சு, அப்புறம் மலையாளம் மட்டும் எங்கிருந்து வளரும்? தெலுங்கு நாலாவது இடத்துக்கு போனதும் இதே கதை தான், ஒண்ணா இருந்த ஆந்திரா 11 சதவீதம், மகாராஷ்டிரா 16 சதவீதம். யாரும் தெலுங்க விட்டுட்டு மராத்திக்கு தாவல. ஆக தமிழ் சாகுதுன்னு பயப்படுறவங்களுக்கு இந்த சார்ட்ல ஆதாரம் இல்ல, தமிழ் பேசுறவங்க எண்ணிக்கை 82 லட்சம் கூடிருக்கு, பங்கு தான் 5.91ல இருந்து 5.70க்கு இறங்கிருக்கு, ஏன்னா மத்தவங்க இன்னும் வேகமா கூடிருக்காங்க.

(1971ல தமிழோட பங்கு 6.88, 1991ல 6.32. நடுவுல 1981க்கு நம்பரே கிடையாது, தமிழ்நாட்டு சென்சஸ் ரெக்கார்டுகள் வெள்ளத்துல போயிடுச்சு. அதிகாரப்பூர்வ அட்டவணையில அந்த இடத்துல நட்சத்திரக் குறி போட்டு கீழ குறிப்பு போட்டிருப்பாங்க. நிறைய லைன் சார்ட்ல 1971ல இருந்து 1991க்கு ஒரே கோடா இழுத்துட்டு போயிருப்பாங்க, 1981ல புள்ளி இருக்குற மாதிரியே தெரியும்.)

சரி, இதுவரைக்கும் புள்ளக் கணக்கு வேலை செய்யுது. இப்ப எங்க இடிக்குதுன்னு பாருங்க. இந்தி 25.19 சதவீதம் வளந்துச்சுன்னு சொன்னோம்ல, இந்தி மாநிலங்கள் எவ்ளோ வளந்துச்சு? உத்தரப் பிரதேசம் 20 சதவீதம், மத்தியப் பிரதேசம் 20, ராஜஸ்தான் 21, ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் 22 சொச்சம். பெரிய மாநிலங்கள்ல பீகார் மட்டும் தான் 25ஐ தாண்டுது. அப்ப எல்லாத்தையும் கூட்டி சராசரி பாத்தா 21, 22 தான் வரணும், ஆனா இந்தி 25 காட்டுது. பொறந்தது மட்டும் காரணம்னா இந்த மிச்சம் எங்கிருந்து வந்துச்சு?

இதுக்கு பதில் அந்த பாருக்கு உள்ள தான் இருக்கு, ஆனா பார் சார்ட்ல உள்ள இருக்கறது தெரியாது.

சென்சஸ் எடுக்க வர்றவங்க, பெரும்பாலும் ஸ்கூல் டீச்சருங்க தான், வீட்டுக்கு வந்து தாய்மொழி என்னன்னு கேப்பாங்க. சின்ன வயசுல அம்மா உங்ககிட்ட பேசின மொழி எதுவோ அது தான் தாய்மொழின்னு அவங்களுக்கு குடுத்த விதி. நீங்க என்ன பேர் சொல்றீங்களோ அதை அப்படியே எழுதிக்கணும். 2011ல அப்படி வந்த பேருங்க மொத்தம் 19,569. ஜாதிப் பேர், ஊர்ப் பேர், எழுத்துப் பிழை எல்லாம் இதுல அடக்கம். இதையெல்லாம் அலசி 1,369 தாய்மொழின்னு ஆக்கினாங்க, எதுலயும் சேராத மொழிப் பெயருங்க 1,474 தனியா கிடக்கு. அதுல பத்தாயிரம் பேருக்கு மேல பேசுறதா வந்தது 270. அந்த 270ஐயும் திரும்ப குரூப் பண்ணி 121 மொழி ஆக்குறாங்க, அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில (அங்கீகரிச்ச மொழிங்களோட பட்டியல்) இருக்குற 22, இல்லாதது 99. இந்த வேலையெல்லாம் சென்சஸ் ஆபீஸோட மொழிப் பிரிவுல நடக்குது, அது இருக்குறது கொல்கத்தாவுல. நம்ம பாக்குற சார்ட் இந்த கடைசி படியில இருந்து போடுறது.

இந்திங்குற அந்த 52.83 கோடிய உடைச்சு பாத்தா உள்ள அம்பதுக்கும் மேல தாய்மொழிங்க இருக்கு. இந்தின்னே சொன்னவங்க 32.22 கோடி. போஜ்புரி 5.06 கோடி. ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி, மகஹி 1.27 கோடி, ஹரியான்வி 98 லட்சம், மார்வாரி 78 லட்சம், கடுவாலி, குமாவோனி, சாத்ரி, கோர்த்தான்னு போயிட்டே இருக்கு. தெலங்கானாவுலயும் கர்நாடகாவுலயும் தாண்டாங்குற தனிக் குடியிருப்புங்கள்ல இருக்குற லம்பாடி மக்கள் பேசுறது கூட 33 லட்சம் பேரோட இந்தி கணக்குல தான் போகுது, அந்த பாட்டிங்ககிட்ட போய் உங்க மொழி இந்தின்னு சொன்னா என்ன சொல்வாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதை வச்சு நம்ம ஊர்ல இருந்து உடனே ஒரு எதிர் சார்ட் வந்துச்சு. உண்மையான இந்தி 32 கோடி தான், அதாவது 26.6 சதவீதம், மிச்சமெல்லாம் களவாணித்தனம்னு. எனக்கும் பாத்தவுடனே பிடிச்சுது, ஆனா அதுவும் நிக்காது. ஏன்னா அந்த 32 கோடியும் வீட்டு வாசல்ல சொன்ன பதில் தான். அவதி மொழின்னு சொன்னவங்க நாடு முழுக்க 38.5 லட்சம், பிரஜ் மொழின்னு சொன்னவங்க 15.6 லட்சம். துளசிதாசர் ராமசரிதமானஸ் எழுதின மொழி அவதி, சூர்தாசர் பாடினது பிரஜ். லக்னோவுல இருந்து அயோத்தி வரைக்கும் இருக்குற அவ்ளோ பெரிய ஜனத்தொகையில அவதி பேசுறவங்க 38 லட்சமா? கண்டிப்பா இல்ல, வீட்டுல அவதி பேசிட்டு வர்ற டீச்சர்கிட்ட இந்தின்னு சொல்லிடுறாங்க. அதனால 43.63ஐ கேள்வி கேக்குற அதே வாயால 26.6ஐ உண்மைன்னு சொல்ல முடியாது, அந்த நம்பருக்குள்ளயும் எத்தனையோ மொழி ஒளிஞ்சிருக்கு.

இனிமே தான் இந்த கேஸோட முக்கியமான இடம். 2001ஐயும் 2011ஐயும் பக்கத்துல வச்சு அந்த உள் மொழிங்களோட வளர்ச்சிய மட்டும் பாருங்க. போஜ்புரி 3.31 கோடில இருந்து 5.06 கோடி, அதாவது 53 சதவீத வளர்ச்சி. அவதி 52 சதவீதம். ராஜஸ்தானி 41. பிரஜ் 5.7 லட்சத்துல இருந்து 15.6 லட்சம், ரெண்டரை மடங்குக்கும் மேல. மகஹி மட்டும் 1.40 கோடில இருந்து 1.27 கோடியா குறைஞ்சிருக்கு. போஜ்புரியும் மகஹியும் பீகார்ல பக்கத்து பக்கத்து மாவட்டங்கள்ல பேசுற மொழிங்க, பாட்னாவ ஒட்டி தெக்க மகஹி, மேற்க போஜ்புரி. ஒரு மொழிக்காரங்க பத்து வருஷத்துல ஒண்ணரை மடங்கா பெருகி பக்கத்து ஊர்க்காரங்க மட்டும் கொறஞ்சு போவாங்களா? எந்த ஆஸ்பத்திரிலயும் நடக்காத விஷயம் இது. மாறினது பதில் தான். போஜ்புரின்னு வெளிய சொல்றதுக்கு அந்த பத்து வருஷத்துல ஒரு தெம்பு வந்திருக்கு, சினிமாவும் பாட்டும் பெருசாச்சு, எட்டாவது அட்டவணையில சேக்கணும்னு கோரிக்கையும் ஓடிட்டு இருக்கு, மகஹிக்கு அப்படி ஒரு காத்து அடிக்கல. இந்த காரணம் என் ஊகம் தான், ஆனா பதில் மாறிருக்குங்குறது ஊகம் இல்ல, நம்பரே சொல்லுது.

மைதிலிய பாத்தா இன்னும் தெளிவா புரியும். 1991 வரைக்கும் மைதிலி இந்திக்கு கீழ தான் இருந்துச்சு. 2003ல 92வது திருத்தம் வந்து போடோ, டோக்ரி, சந்தாலியோட சேத்து மைதிலியையும் எட்டாவது அட்டவணையில சேத்தாங்க. உடனே 2001 கணக்குல அது தனி மொழி ஆயிடுச்சு, 1.22 கோடி பேரோட. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1991 சென்சஸ் வந்தப்ப இந்தி 33.73 கோடி, 40.22 சதவீதம்னு போட்டிருந்தாங்க. அப்புறம் வந்த ஒப்பீட்டு அட்டவணையில அதே 1991க்கு இந்தி 32.95 கோடி, 39.29 சதவீதம். வருஷம் அதே வருஷம், ஆளுங்க அதே ஆளுங்க, பார் மட்டும் குட்டையாயிடுச்சு. ரெண்டு நம்பரும் நெட்ல சுத்திட்டு இருக்கு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு கலந்து எடுத்து சார்ட் போட்டா, என்ன வேணா காட்டலாம்.

அதுக்கு அப்புறம் 2011ல மைதிலி 1.36 கோடி. வளர்ச்சி 11.5 சதவீதம். பீகாரே 25 சதவீதம் வளந்த பத்து வருஷத்துல, நாட்டுலயே அதிகமா குழந்தை பொறக்குற பகுதியில, மைதிலி மட்டும் தமிழை விட மெதுவா வளந்திருக்கு. அட்டவணையில இடம் கிடைச்சு, தனி மொழின்னு அங்கீகாரம் கிடைச்ச பிறகும். அப்ப மைதிலி பேசுற வீடுகள்ல ஒரு பங்கு வேற ஏதோ சொல்லிருக்கு, அந்த வேற ஏதோ பெரும்பாலும் இந்தி மொழியா தான் இருக்க முடியும். இந்த மாதிரி வந்து சேந்ததும் அந்த 25.19க்குள்ள ஒரு பங்கு.

உருதும் இதே தான். 5.15 கோடில இருந்து 5.08 கோடியா குறைஞ்சுது, பெரிய மொழிகள்ல எண்ணிக்கையே குறைஞ்சது இது தான். இதைப் பாத்துட்டு சில பேர் முஸ்லிம் ஜனத்தொகை குறையுதுன்னு கணக்கு போட்டாங்க, சில பேர் அரசாங்கம் மறைக்குதுன்னாங்க. உத்தரப் பிரதேசத்துல மட்டும் உருது சொன்னவங்க 1.33 கோடில இருந்து 1.08 கோடிக்கு இறங்கிட்டாங்க, அங்க முஸ்லிம் மக்கள் மட்டுமே 3.8 கோடிக்கு மேல. அதாவது உருதுன்னு சொல்றது எப்பவுமே ஒரு பகுதி தான், அந்தப் பகுதி சுருங்கிருக்கு. பேச்சு வழக்குல இந்தியும் உருதும் எங்க பிரியுதுன்னு யாராலயும் கோடு போட முடியாது, பையன் படிச்சது தேவநாகரி எழுத்துலன்னா வீட்டுல என்ன சொல்வான்? இதுக்கு சதி எதுவும் தேவையில்ல.

பஞ்சாப்ல இது எவ்ளோ பெரிய சண்டையாச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். 1951 சென்சஸ் நேரத்துல பஞ்சாபி பேசுற இந்துக் குடும்பங்க தாய்மொழி இந்தின்னு சொல்லுங்கன்னு பிரச்சாரமே நடந்துச்சு, அந்தப் பதிலுங்க மேல நம்பிக்கை போய் கடைசில அந்தப் பகுதியில இந்தி, உருது, பஞ்சாபி, பஹாடி நாலையும் பிரிக்காம ஒரே மொத்தமா போட்டுட்டாங்க. மாநில எல்லை எங்க வரும்ங்குறது அந்தப் பதில்ல தொங்கிட்டு இருந்துச்சு. வாசல்ல சொல்ற ஒரு வார்த்தைக்கு பின்னாடி இவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சா, அதுல இருந்து வர்ற சார்ட்ட பாத்து இத்தன பேர் பேசுறாங்க இத்தன பேர் பேசலன்னு அடிச்சு சொல்ல வாய் வராது.

சமஸ்கிருதத்த சீக்கிரமா முடிச்சுடலாம். 2001ல 14,135, 2011ல 24,821. 75 சதவீதம் வளர்ச்சிங்குறது உண்மை. ஆனா 1991ல 49,736 இருந்துச்சு, அங்க இருந்து தொடங்கினா பாதியா குறைஞ்சிருக்கு. 1981ல 6,106, அங்க இருந்து தொடங்கினா நாலு மடங்கு. எந்த வருஷத்துல இருந்து சார்ட் தொடங்குதுங்குறது தான் அதுல மொத்த செய்தியும்.

இங்க நம்ம பக்கமும் கொஞ்சம் பாத்துக்கணும், ஏன்னா இந்தி பாருக்குள்ள போஜ்புரிய அமுக்கிட்டாங்கன்னு கோபப்படுற நாம நம்ம பாருக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கறதே இல்ல. தமிழோட 6.90 கோடிக்குள்ள இருளர் மொழி இருக்கு, எருகலா இருக்கு, கைக்காடி இருக்கு. இருளர் மொழி பேசுறதா சொன்னவங்க 12 ஆயிரம் பேர் கூட இல்ல. நீலகிரில படுகர்கள் பேசுற படுகு மொழி 1 லட்சத்து 33 ஆயிரம் பேரோட கன்னடத்துக்கு கீழ போகுது. மதுரைல, பரமக்குடில, கும்பகோணத்துல பல தலைமுறையா இருக்குற சௌராஷ்டிரா மக்களோட மொழி, 2 லட்சத்து 47 ஆயிரம் பேர், அதை குஜராத்திக்கு கீழ வச்சிருக்காங்க. குஜராத்திகள் இத்தன பேர் தமிழ்நாட்டுலயான்னு ஒரு சார்ட்ட பாத்து ஆச்சரியப்படுறவங்க, மதுரை கீழவாசல்ல போய் நின்னா புரிஞ்சுடும் அந்த குஜராத்தி யாருன்னு.

தமிழ்நாட்டுக்குள்ள தமிழ் சொன்னவங்க 2001ல சுமார் 89.4 சதவீதம், 2011ல 88.4. இந்த ஒரு புள்ளிய வச்சு வெளியாளுங்க வந்து நிறைஞ்சுட்டாங்கன்னு கத்துறதும் நடக்குது. மாநிலம் 15.6 சதவீதம் வளந்துச்சு, மாநிலத்துக்குள்ள தமிழ் 14.3. இந்த இடைவெளியில வேலைக்கு வந்தவங்களும் இருக்கலாம், தெலுங்கும் கன்னடமும் வீட்டுல பேசுற பழைய குடும்பங்க இந்தத் தடவ வேற பதில் சொன்னதும் இருக்கலாம், ரெண்டையும் அந்த ஒரு நம்பர் பிரிச்சு சொல்லாது.

இன்னொண்ணும் இருக்கு, இந்த சார்ட் தாய்மொழிய மட்டும் காட்டுது. இங்கிலீஷ் தாய்மொழின்னு சொன்னவங்க நாடு முழுக்க 2.6 லட்சம், பார் சார்ட்ல கண்ணுக்கே தெரியாது. ரெண்டாவது மூணாவது மொழியா தெரியும்னு சொன்னவங்களையும் சேத்தா 12 கோடிக்கு மேல, அப்ப அது இந்திக்கு அடுத்த இடத்துக்கு வந்துடும், வங்காளத்தையும் தாண்டி. அதே மாதிரி சேத்தா இந்தி 69 கோடி. ரெண்டு சார்ட்டும் ஒரே சென்சஸ், கேட்ட கேள்வி தான் வேற. நூத்துக்கு 74 பேர் ஒரே மொழி தான் தெரியும்னு சொல்லிருக்காங்கங்குறதும் அதே அட்டவணைங்கள்ல தான் இருக்கு, ஆனா அதை வச்சு யாரும் சார்ட் போட்டு நான் பாத்ததில்ல, சண்டை போட அதுல ஒண்ணும் இல்ல போல.

இவ்ளோ சூடு ஏன்னா, இதே ஜனத்தொகை வித்தியாசம் தான் லோக்சபா சீட்டுலயும் காசுப் பங்குலயும் வந்து நிக்குது. சீட்டு இன்னும் 1971 சென்சஸ் கணக்குல உறைஞ்சு கிடக்கு, 2026க்கு அப்புறம் எடுக்குற முதல் சென்சஸ் வரைக்கும்னு 84வது திருத்தம் சொல்லுது. மாநிலங்களுக்கு வரிப் பணத்த எப்படி பிரிக்கணும்னு சொல்ற 15வது நிதிக்குழு 1971ஐ விட்டுட்டு 2011 ஜனத்தொகைய எடுத்துக்கிச்சு. அதனால மொழி சார்ட்ட பாத்து கோபப்படுறவங்க பாதி பேரு உண்மைல இன்னொரு சார்ட்ட நினைச்சு தான் கோபப்படுறாங்க, அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு, ஆனா அதை மொழி பார்ல தேடினா கிடைக்காது.

அடுத்த சென்சஸுக்கு 2027 மார்ச் 1ஐ கணக்குத் தேதியா வச்சிருக்காங்க. எட்டாவது அட்டவணைக்கு 38 மொழிங்க காத்திருக்கு, போஜ்புரி அதுல ஒண்ணு. நடுவுல போஜ்புரி மட்டும் உள்ள போயிட்டா, 2011 நம்பர்லயே இந்தி 43.63ல இருந்து 39.5க்கு வந்துடும், ஒரு ஆளு கூட பேச்ச மாத்தாம. ராஜஸ்தானியும் போச்சுன்னா 37 சொச்சம். இந்தி சரியுதுன்னு அன்னிக்கு ஒரு கூட்டம் பட்டாசு வெடிக்கும், இந்தி மொழிய உடைக்குறாங்கன்னு இன்னொரு கூட்டம் அழும். புது அட்டவணை வந்ததும் நான் முதல்ல தேடப்போறது மைதிலி வரிய தான், பீகார் வளந்ததுக்கு மேல போயிருக்கா, இல்ல இந்தத் தடவயும் கீழயே நிக்குதான்னு.